எலியின் பாதமும் பாட்டியின் முட்டியும்

மாணவர்களே, "எலிகளில் நிரூபிக்கப்பட்ட மூட்டுவலி மருந்து" என்ற செய்தி உங்க வீட்டு வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். பாட்டி முட்டியைத் தடவிக்கிட்டே, "இதை வாங்கலாமாய்யா?"ன்னு கேட்டால் என்ன சொல்வீங்க? பதில் வரலாற்றில் இருக்கிறது.

1743இல் இலண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர், குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று எழுதினார். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை; ஆகவே அழியும் முன் காப்பதே வழி.

முடக்குவாதத்தில் நம் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டைத் தாக்குகிறது. ஆனால், நோயாளியின் மூட்டைத் திறந்து தினமும் பார்க்க முடியுமா? அதனால்தான் எலிகள் வந்தன. 1956இல் கார்ல் பியர்சன், கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகளை எண்ணெயில் கலந்து செலுத்தினால் எலிகளுக்கு மூட்டழற்சி வருவதை விவரித்தார். 1977இல் டிரெந்தம் குழுவினர், குருத்தெலும்பிலுள்ள இரண்டாம் வகைக் கொலாஜனைச் செலுத்தியே அந்நோயை வரவழைத்தனர்.

தமிழ்நாட்டிலும் இது நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், 1990களில், சித்த மருத்துவத்தின் சேராங்கொட்டையைப் பாலில் காய்ச்சி எடுத்த சாற்றை பியர்சன் வழியில் நோயுற்ற எலிகளுக்குக் கொடுத்தார்கள். வீக்கம் குறைந்தது, திசுவை அரிக்கும் நொதிகளும் குறைந்தன. ஆனால் கவனம்: முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் கொட்டை, சுத்தி செய்யாமல் தொட்டாலே தோலைக் கொப்புளிக்க வைக்கும்.

அடுத்து இலண்டன், கென்னடி ஆய்வுக்கழகம். 1992இல் ரிச்சர்ட் வில்லியம்ஸ், மார்க் ஃபெல்ட்மன், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி ஆகியோர், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் சுண்டெலியின் மூட்டுச் சிதைவு குறைகிறது என்று காட்டினர். நோய் தொடங்கிய பிறகு கொடுத்தும் பலன் கிடைத்தது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. 1994இல் 73 பேரிடம், போலி மருந்தோடு ஒப்பிட்ட முடிவு வெளிவந்தது. 1999இல் இன்ஃப்ளிக்ஸிமாப் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இப்போ பாட்டிக்கு வருவோம். எலிக்கு நோய் சில வாரங்களில் வருகிறது. மனிதருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அதைவிட முக்கியம், பாட்டிக்கு இருப்பது வயதுத் தேய்மானமாக இருக்கலாம். எலிக்கு வரவழைத்தது அந்த நோயே அல்ல! காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, நெடுநேரம் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப் போடக்கூடாது; தாமதித்தால் ஹண்டர் சொன்னதுதான் நடக்கும்.

ஆசிரியர்களே, வகுப்பில் மூன்று கேள்விகளைப் பழக்குங்கள்: எந்த விலங்கு? எந்த நோய்? மனிதரிடம் ஒப்பிட்டுச் சோதித்தார்களா? தேர்வுக்கும் உதவும், வீட்டுக்கும் உதவும்.