மி-8, மி-17 உலங்கு வானூர்திகள்: இயக்கமும் பராமரிப்பும்

மி-8 என்பது சோவியத் ஒன்றியத்தில் உருவாக்கப்பட்ட, இரண்டு எஞ்சின்களைக் கொண்ட நடுத்தர வகை உலங்கு வானூர்தி (ஹெலிகாப்டர்) ஆகும். இதன் மேம்பட்ட வடிவம் மி-17 எனப்படுகிறது. இவ்விரு வகைகளிலும் சேர்த்து 12,000க்கும் மேற்பட்ட வானூர்திகள் தயாரிக்கப்பட்டுள்ளன. உலகில் மிக அதிக எண்ணிக்கையில் உருவாக்கப்பட்ட உலங்கு வானூர்திகளில் இதுவும் ஒன்று. இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளின் வான்படைகள் இதைப் பயன்படுத்துகின்றன.

1960களில் வரையப்பட்ட ஒரு வடிவம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பறக்கிறது. எஞ்சினின் வலிமை மட்டும் இதற்குக் காரணம் அன்று. பனிவெளியிலும் பாலைவனத்திலும், கொட்டகைகூட இல்லாத இடத்திலும் இதைப் பராமரிக்க முடிந்தது என்பதே முதன்மையான காரணம். ஆகவே இதன் வரலாறு விமானிகளின் வரலாறாக இருக்கும் அளவுக்குப் பழுதுபார்ப்பவர்களின் வரலாறாகவும் இருக்கிறது.

தோற்றம்

மிகைல் மில் (1909–1970) சைபீரியாவின் இர்கூத்ஸ்க் நகரில் பிறந்த பொறியாளர். 1947இல் தொடங்கப்பட்ட உலங்கு வானூர்தி வடிவமைப்பு நிறுவனத்துக்கு அவர் தலைமை ஏற்றார். ‘மி’ என்ற முன்னொட்டு அவர் பெயரிலிருந்து வந்தது. 1950களில் அவர் உருவாக்கிய மி-4, பிஸ்டன் எஞ்சின் ஒன்றால் இயங்கியது. அந்த எஞ்சின் கனமானது. வானூர்தியின் மூக்குப் பகுதியை முழுவதும் அடைத்துக்கொண்டது. விமானிகள் அதற்கு மேலே அமர வேண்டியிருந்தது.

அதற்கு மாற்றாக, எடை குறைந்த டர்பைன் எஞ்சினைக் கூரைமேல் வைக்கும் யோசனை எழுந்தது. அப்படிச் செய்தால் உடற்பகுதி முழுவதும் பயணிகளுக்கும் சரக்குக்கும் கிடைக்கும். முதல் மாதிரி ஒற்றை டர்பைன் எஞ்சினுடன் 1961இல் பறந்தது. இரட்டை எஞ்சின் மாதிரி 1962இல் பறந்தது. தொடக்க மாதிரிகள் மி-4இன் நான்கு இறக்கைச் சுழலியையே கொண்டிருந்தன. பின்னர் அது ஐந்து இறக்கைகளாக மாற்றப்பட்டது. 1965இல் கசான் நகரத் தொழிற்சாலையிலும், 1970 முதல் உலான்-உடே நகரத் தொழிற்சாலையிலும் உற்பத்தி நடைபெற்றது.

மி-8இன் முதன்மைச் சுழலியின் விட்டம் ஏறத்தாழ 21.3 மீட்டர். உச்ச எடை 12,000 கிலோகிராம். படைவீரர்கள் 24 பேரையோ, உள்ளே 4,000 கிலோகிராம் சரக்கையோ ஏற்றலாம். வயிற்றுப் பகுதியில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் 3,000 கிலோகிராம் வரை தூக்கலாம்.

இரண்டு எஞ்சின்கள், ஒரே கியர்பாக்ஸ்

மி-8இன் ஒவ்வொரு எஞ்சினும் 1,500 குதிரைத்திறன் கொண்டது. இரண்டும் சேர்ந்து ஒரே முதன்மைக் கியர்பாக்ஸைச் சுழற்றுகின்றன. எஞ்சினின் டர்பைன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,000 முறை சுழலும். ஆனால் தலைக்குமேல் உள்ள பெரிய சுழலி நிமிடத்துக்கு 192 முறைதான் சுழல வேண்டும். இவ்வளவு பெரிய வேகக் குறைப்பைப் பல அடுக்குப் பற்சக்கரங்கள் செய்கின்றன.

ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும்? மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தொடர்ந்து சுழல்வதை நாம் அறிவோம். அதற்கு உதவும் ‘ஃப்ரீவீல்’ போன்ற அமைப்பு ஒவ்வொரு எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே உள்ளது. நின்றுபோன எஞ்சின் தானாகவே விலகிக்கொள்ளும். சுழலியை இழுத்து நிறுத்தாது. மற்ற எஞ்சின் உடனே கூடுதல் திறனுக்கு ஏறும். இரண்டுமே நின்றுவிட்டால், வானூர்தி இறங்கும்போது கீழிருந்து மேலே வரும் காற்று சுழலியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழற்சியைக் கொண்டு தேர்ந்த விமானி தரையிறக்க முடியும்.

ஆனால் ஒரு செய்தியை மறந்துவிடக் கூடாது. எஞ்சின்தான் இரண்டு, கியர்பாக்ஸ் ஒன்று, முதன்மைச் சுழலி ஒன்று, வால் சுழலி ஒன்று, அதற்குச் செல்லும் தண்டும் ஒன்று. இவற்றுக்கு மாற்று கிடையாது. மேலும், முழுச் சுமையோடு உயர்ந்த மலைப்பகுதியில் பறக்கும்போது ஒற்றை எஞ்சினின் திறன் உயரத்தைத் தக்கவைக்கப் போதாமல் போகலாம். ‘இரட்டை எஞ்சின்’ என்ற சொல் தரும் நிம்மதிக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் காப்பது முறையான பராமரிப்பே.

பறக்கும் பழுதுபார்ப்பாளர்

மி-8இல் மூவர் கொண்ட குழு பணியாற்றும். இரண்டு விமானிகளோடு, பறப்புப் பொறியாளர் ஒருவரும் அவர்களுக்கு இடையே அமர்கிறார். எஞ்சின் அளவிகளைக் கவனிப்பதும் எரிபொருளைக் கணக்கிடுவதும் அவர் வேலை. தொலைவிடத்தில் இறங்கியதும் கூரைமேல் ஏறிச் சோதிப்பவரும் அவரே. தான் சரிபார்த்த வானூர்தியில் தானே பறக்கிறார் என்பது இம்முறையின் சிறப்பு.

வடிவமைப்பும் அவருக்கு உதவுகிறது. எஞ்சின் பகுதியின் பக்கவாட்டு மூடிகளைக் கீழே மடக்கித் திறந்தால், அவையே நின்று வேலை செய்யும் மேடைகளாகிவிடும். தனியாக ஏணியோ சாரமோ கொண்டுவரத் தேவையில்லை.

பராமரிப்பு முறைகள்

பறப்புக்கு முன், பறப்புக்குப் பின் என அன்றாடச் சோதனைகள் உண்டு. அவற்றில் இரண்டு, இந்த வானூர்தியின் தன்மையை நன்கு விளக்குபவை.

முதலாவது, சுழலி இறக்கையின் சோதனை. ஒவ்வொரு இறக்கைக்கும் முதுகெலும்பாக ஓர் அலுமினியக் கலவைக் குழாய் உள்ளது. அதனுள் அழுத்தக் காற்று அடைக்கப்பட்டிருக்கும். குழாயில் மயிரிழை அளவு விரிசல் விட்டாலும் காற்று கசிந்து அழுத்தம் குறையும். உடனே இறக்கையின் அடியில் உள்ள காட்டியில் சிவப்பு நிறம் தெரியும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றும் எளிய உத்தி இது. சிவப்பு தெரிந்தால் காரணம் அறியும்வரை பறக்கக் கூடாது.

இரண்டாவது, எண்ணெய்ச் சோதனை. கியர்பாக்ஸின் பற்சக்கரமோ தாங்கியோ (பேரிங்) தேயத் தொடங்கினால், நுண்ணிய உலோகத் துகள்கள் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் ஓடும் வழியில் உள்ள காந்த முனை இரும்புத் துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. துகள் சேர்ந்தால் விமானியறையில் எச்சரிக்கை விளக்கு எரியும். எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த உலோகம் எவ்வளவு கலந்துள்ளது என்றும் பார்ப்பர். மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்வதைப் போன்றது இது. உறுப்பைத் திறந்து பார்க்காமலேயே நோயை அறியலாம்.

இவற்றைத் தவிர, பறந்த மணிக்கணக்கின்படி 50 மணி, 100 மணி எனப் படிப்படியாக விரிவான சோதனைகள் நடைபெறும். குறிப்பிட்ட பறப்பு மணியோ குறிப்பிட்ட ஆண்டுகளோ, எது முதலில் முடிகிறதோ அப்போது முழுப் பழுதுநீக்கத்துக்கு (ஓவர்ஹால்) அனுப்ப வேண்டும். அப்போது வானூர்தி ஏறக்குறைய எலும்புக்கூடு வரை பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாகமும் சோதிக்கப்பட்டு மீண்டும் பூட்டப்படும். முக்கியமான பாகம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு உண்டு. பதிவேடு இல்லாத பாகம், பார்வைக்குப் புதியதாக இருந்தாலும், பொருத்தத் தகாதது.

மி-17: மலைக்கும் மணலுக்கும்

வெப்பமான நாடுகளிலும் உயர்ந்த மலைகளிலும் காற்றின் அடர்த்தி குறைவு. அங்கே மி-8இன் திறன் போதவில்லை. எனவே கூடுதல் வலிமையுள்ள எஞ்சின்களைப் பொருத்திய மாதிரி 1975இல் பறந்தது. 1981 பாரிஸ் வான்காட்சியில் மி-17 என்ற பெயரில் அது வெளியுலகுக்கு அறிமுகமானது.

இரண்டையும் வேறுபடுத்திக் காண்பது எளிது. மி-8இல் வால் சுழலி வலப்பக்கம் இருக்கும்; மி-17இல் இடப்பக்கம் இருக்கும். மி-17இன் எஞ்சின் முகப்பில் காளான் வடிவத் தூசு தடுப்பான்கள் இருக்கும். உள்ளிழுக்கும் காற்றிலிருந்து மணலைப் பிரித்து வெளியேற்றுவது அவற்றின் பணி. மணல் டர்பைன் எஞ்சினை அரித்துவிடும் என்பதால் இது எஞ்சினின் ஆயுளை நீட்டிக்கிறது. மி-8இன் எஞ்சின் மின்விசையால் இயக்கத்துக்கு வரும். மி-17இலோ சிறிய துணை எஞ்சின் ஒன்று அழுத்தக் காற்றைத் தந்து பெரிய எஞ்சின்களைத் தொடக்கிவைக்கிறது. தளத்தை விட்டு வெகுதொலைவில் நிற்கும்போது இது பெரிய வசதி.

செர்னோபில்

1986 ஏப்ரலில் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது, எரியும் உலையின்மீது மணல், போரான் சேர்மம், ஈயம் முதலியவற்றைக் கொட்ட மி-8உம் பிற உலங்கு வானூர்திகளும் பயன்பட்டன. ஏறத்தாழ 5,000 டன் பொருள்கள் கொட்டப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, ஒரு மி-8இன் சுழலி அங்கிருந்த பாரந்தூக்கியின் கம்பியில் பட்டு வானூர்தி விழுந்தது. குழுவினர் நால்வரும் இறந்தனர்.

இந்தியாவில்

இந்திய வான்படை 1971 முதல் 1988 வரை 107 மி-8 வானூர்திகளைப் பெற்றது. 1984 ஏப்ரலில் சியாச்சின் பனியாற்றில் படைகளை நிறுத்திய மேக்தூத் நடவடிக்கையில் இவை பங்கேற்றன. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப்படையினரை இறக்கியவையும் மி-8களே. கடும் துப்பாக்கிச் சூட்டுக்கிடையே நடந்த அந்த இறக்கம் பெரும் உயிரிழப்பில் முடிந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது கார் நிக்கோபார் தளத்தில் இருந்த மி-8கள் மக்களை மீட்டன. 2017 டிசம்பர் 17 அன்று பெங்களூரு எலகங்கா தளத்தில் மி-8க்கு விடைகொடுக்கப்பட்டது.

மி-17 1980களின் நடுப்பகுதியில் வந்தது. கார்கில் போரில், 1999 மே 28 அன்று, தோலோலிங் பகுதியில் ஒரு மி-17 ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு நால்வர் உயிரிழந்தனர். அடுத்து வந்த மி-17வி-5 வகையில் 151 வானூர்திகளை இந்தியா வாங்கியது. இவற்றின் முழுப் பழுதுநீக்கத்தைச் சண்டிகரில் உள்ள வான்படையின் 3ஆவது தளப் பழுதுநீக்கப் பணிமனை செய்கிறது. ஒவ்வொரு முறையும் வானூர்தியை ரஷ்யாவுக்கு அனுப்பிக் காத்திருக்கும் தேவையை இது குறைத்தது.

இலங்கை வான்படை 1993 முதல் மி-17ஐப் பயன்படுத்திவருகிறது.

ஆப்கானிஸ்தான் தந்த பாடம்

மி-17ஐப் பல்லாண்டுகள் அறிந்தவர்கள் ஆப்கானிய விமானிகளும் பழுதுபார்ப்பவர்களும். ஆகவே அமெரிக்காவே ரஷ்யாவிடமிருந்து மி-17வி-5 வாங்கி ஆப்கான் வான்படைக்குக் கொடுத்தது. 2017 முதல் அவற்றுக்குப் பதிலாக அமெரிக்காவின் பிளாக் ஹாக் வகை வழங்கப்பட்டது. அதுவும் சிறந்த இரட்டை எஞ்சின் வானூர்திதான். ஆனால் மி-17இன் பராமரிப்பில் பெரும்பகுதியைத் தாங்களே செய்துவந்த ஆப்கானியர், பிளாக் ஹாக்குக்கு வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்களையே நம்ப வேண்டியிருந்தது. 2021இல் அப்பணியாளர்கள் வெளியேறியதும், பறக்கும் நிலையில் இருந்த வானூர்திகளின் எண்ணிக்கை விரைவாகக் குறைந்தது. ஒரு நாட்டுக்கு வானூர்தி வந்துவிட்டால் போதாது. அதைப் பேணும் கைகளும் அந்நாட்டிலேயே உருவாக வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

குன்னூர், 2021

2021 டிசம்பர் 8 அன்று முற்பகல் 11.48 மணிக்குச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து வெலிங்டனுக்கு ஒரு மி-17வி-5 புறப்பட்டது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 14 பேர் அதில் இருந்தனர். 12.15க்குத் தரையிறங்கியிருக்க வேண்டும், 12.08க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் வானூர்தி விழுந்து எரிந்தது. ஊர் மக்கள் தண்ணீரும் போர்வையும் கொண்டு ஓடிவந்து உதவினர். 13 பேர் அன்றே இறந்தனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரத்துக்குப் பின் இறந்தார்.

முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் தன் முதற்கட்ட முடிவை அளித்தது. எந்திரக் கோளாறு, சதி, கவனக்குறைவு ஆகியவை காரணமல்ல என்று அது கூறியது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் வானூர்தி மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசையும் நிலையும் பற்றிய உணர்வு தடுமாறி மலைச்சரிவில் மோதியது என்பதே அம்முடிவு. நல்ல நிலையில் இருந்த எஞ்சின்களும் மேகத்துக்குள் மறைந்த மலையிலிருந்து காக்க இயலவில்லை. பராமரிப்பு இன்றியமையாதது, ஆனால் அது மட்டும் போதுமானதன்று. பறக்கலாமா, திரும்பலாமா என்ற முடிவும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

2024 மார்ச்சில் குன்னூர்ப் பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, அதே வகை வானூர்தி பெரிய வாளியில் நீர் மொண்டு வந்து தீயின்மீது ஊற்றியது.

இன்றைய நிலை

மி-17இன் உடற்பகுதி ரஷ்யாவில் தயாரானாலும், அதன் எஞ்சின்கள் நெடுங்காலம் உக்ரைனின் சப்போரிஷியா நகரில் தயாராகிவந்தன. 2014க்குப் பின் அந்த இணைப்பு முறிந்தது. ரஷ்யா தன் எஞ்சின்களைத் தானே உற்பத்தி செய்யத் தொடங்கியது. 2022இல் தொடங்கிய போரும் அதையொட்டிய தடைகளும் உதிரிபாகங்கள் பெறுவதைப் பல நாடுகளுக்குக் கடினமாக்கியுள்ளன. மி-17க்கு மாற்றாக 13 டன் எடைப் பிரிவில் இரட்டை எஞ்சின் வானூர்தி ஒன்றை உருவாக்க இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் திட்டமிட்டுள்ளது. அது வரும்வரை மி-17களின் ஆயுள், சண்டிகர்ப் பணிமனையிலும் தளக் கொட்டகைகளிலும் எண்ணெய் மாதிரி எடுப்பவர்கள், இறக்கைக் காட்டியில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பவர்கள் ஆகியோரின் கையில் இருக்கிறது.