தண்டனைச் சக்கரமும் வீட்டு நடைப்பொறியும்

உடல் எடையைக் குறைப்பதற்கென்று வீட்டுக்கு ஓர் உபகரணம் வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் முதலில் விலை விசாரிப்பது 'ட்ரெட்மில்' எனப்படும் நடைப்பொறியைத்தான். கொழும்பின் தொடர்மாடி வீடுகள் முதல் ரொறன்ரோவின் நிலவறைகள் வரை அது இடம்பிடித்துவிட்டது. சில மாதங்களின் பின்னர் ஈரத்துணி உலர்த்தவே அது பயன்படுகின்றது என்பது வேறு விடயம். இந்தப் பொறி தன் பெயரைப் பெற்றது சிறைச்சாலையில் என்பதைப் பலர் அறியார்.

இங்கிலாந்தில் கைதிகள் வேலையின்றிச் சோம்பியிருப்பதைக் கண்ட வில்லியம் கியூபிட் என்ற பொறியியலாளர் 1818 இல் மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். நீண்ட உருளையின் வெளிப்புறத்தில் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, கைப்பிடியைப் பற்றியபடி, கீழிறங்கிக்கொண்டேயிருக்கும் படிகளில் ஏறிக்கொண்டேயிருக்க வேண்டும். 1821 இல் இலண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் நிறுவப்பட்ட சக்கரம் தானியம் அரைத்தது. வேறு பல சிறைகளிலோ அது எதனையும் அரைக்கவில்லை, காற்றைத்தான் அரைத்தது. களைப்பைவிட அந்தப் பயனின்மையே கொடிய தண்டனையாக இருந்திருக்கும் என்று தோன்றுகின்றது. 1834 இற்குப் பின்னர், அடிமை முறை ஒழிந்ததாகக் கூறப்பட்ட ஜமைக்காவிலும் கறுப்பின மக்கள் இச்சக்கரத்தில் ஏற்றப்பட்டனர். 1895 இல் கடூழியச் சிறைத்தண்டனை பெற்ற எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டும் அதனை மிதித்தவரே. 1898 ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டத்தோடுதான் இக்கொடுமை முடிவை நெருங்கியது.

அதே நூற்றாண்டில் செல்வந்தர்களுக்கு வேறு பொறிகள் வந்தன. சுவீடன் மருத்துவர் குஸ்தாவ் ஸாண்டர் 1865 இல் ஸ்டொக்ஹோமில் நிறுவிய நிலையத்தில், நோயாளியின் கைகால்களை இயந்திரங்களே அசைத்தன. 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்தில் மின்சாரத்தில் ஆடும் ஒட்டகம்கூட இருந்தது!

சாதாரண மக்களின் வீடுகளுக்குள் நுழைந்தவை எளிய கருவிகளே. நம்மவர்கள் சுழற்றிய கர்லாக்கட்டையை இந்தியாவில் கண்ட ஆங்கிலேயப் படையினர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர்; அது 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறும் அளவுக்குப் பரவியது. யூஜின் சாண்டோ என்ற பலசாலி, விற்சுருள் பொருத்திய கைப்பளுக்களை விற்றுப் பெரும் வணிகம் நடத்தினார். 1904, 1905 ஆண்டுகளில் அவர் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் தமிழில் பலசாலிக்குப் பட்டமாகி, சாண்டோ சின்னப்பா தேவரோடு ஒட்டிக்கொண்டது; கையில்லாத பனியனுக்கும் அதுவே பெயராயிற்று.

இடுப்பில் பட்டியைப் பூட்டி உடலைக் குலுக்கும் பொறியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது கொடிகட்டிப் பறந்தது. பொறி குலுங்க, மனிதர் சும்மா நின்றால், கொழுப்பு எவ்வாறு கரையும்? ஆயினும் அதன் வாரிசுகள் இன்றும் புதுப் பெயர்களில் விற்பனையாகின்றன.

நடைப்பொறியை மீட்டது மருத்துவம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் புரூஸும் வெய்ன் குவின்டனும் 1952 இல் இதய நோயைக் கண்டறிய அதனைப் பயன்படுத்தினர். 1968 இல் கென்னத் கூப்பர் எழுதிய 'ஏரோபிக்ஸ்' நூலைப் படித்த வில்லியம் ஸ்டோப் என்ற பொறியியலாளர், வீடுகளில் வைக்கத்தக்க விலையில் நடைப்பொறி இல்லாததைக் கண்டு தாமே ஒன்றைச் செய்தார். 2012 இல் காலமானபோது அவருக்கு வயது 96.

பணம் செலவழிக்குமுன் நினைவுகூர வேண்டிய இன்னொருவர் ஜெரி மொரிஸ். இலண்டன் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதை 1953 இல் வெளியிட்டவர் அவர். பின்னர் சீருடைப் பதிவேடுகளைப் புரட்டி, சாரதிகளின் இடுப்பளவு பெரிது என்றும் காட்டினார். வேலையில் சேரும்போதே அது பெரிதாயிருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. நடத்துநர்களுக்குக் கிடைத்த உபகரணம் வெறும் மாடிப்படி.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் ஏறத்தாழ 250 முதல் 300 கலோரி செலவாகும். உணவைக் குறைக்காமல் பொறியை மட்டும் நம்பினால், ஒரு கிலோவுக்கு இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் நடக்கவேண்டும். நடந்து முடித்ததும் ஒரு ரோல்ஸும் பால் தேநீரும் அருந்துவோர் கணக்கைப் பிந்திப்போடுகின்றனர்.

எனவே முழங்கால் நலமாயிருப்போர் கயிறடித்தலிலும் மாடிப்படியிலும் தொடங்கலாம். ஒரு சோடி கைப்பளு அதிக விலையல்ல. பனிக்காலத்தில் வெளியே நடக்க இயலாத நாடுகளில் வாழ்வோருக்கு நடைப்பொறி வீண்செலவு அல்ல. அவர்கள் பாவித்த பொறியொன்றை வாங்கலாம். வாங்குமுன் சப்பாத்தோடு ஏறிப் பத்து நிமிடமாவது நடந்து பாருங்கள். காலூன்றும்போது பட்டி தயங்குகின்றதா, மோட்டார் சூடேறி மணக்கின்றதா, உங்கள் எடையைத் தாங்குமென்று பொறியில் எழுதப்பட்டுள்ளதா என்பவற்றைக் கவனித்த பின்னரே விலையைப் பேசுங்கள்.