எழும்பூர் அளவுகோலிலிருந்து தி.நகர் கேமரா வரை

2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு 'பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை' என்ற ஒன்றை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் இதில் நாம்தான் முன்னோடி. நியாயம், வெளிப்படைத்தன்மை, தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, தரவுப் பற்றாக்குறை என்று நல்ல சொற்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு மென்பொருளை மக்கள் மேல் பிரயோகிக்கும் முன் அதற்கு மதிப்பெண் போட்டுப் பார்க்க 'டீப்-மேக்ஸ்' என்றொரு அட்டவணையும் உண்டு.

நல்லது. ஆனால் இந்த அரசு இயந்திரம் இதுவரை யாரையெல்லாம் அளந்தது, எதற்காக அளந்தது என்று தெரிந்துகொண்டு இந்தக் கொள்கையைப் படித்தால் வேறு கேள்விகள் வரும். அந்தக் கதை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்குகிறது.

1885 முதல் 1908 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கவராயம் போன்ற கருவியால் மனிதர்களின் மண்டை அகலம், மூக்கின் நீளம், அகலம் என்று அளந்து சாதிவாரியாகக் குறித்துக்கொண்டார். வடக்கே ஹெர்பர்ட் ரிஸ்லி இதையே ஒரு கோட்பாடாக்கியிருந்தார்: மூக்கு அகலமானால் சாதி தாழ்ந்தது, மூக்கு மெலிந்தால் சாதி உயர்ந்தது. இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த ரிஸ்லிதான் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். சாதிகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தச் சொன்னவரும் அவரே. முகத்தைப் பார்த்து ஆளின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு 'அறிவியல்' முத்திரை விழுந்தது அப்போதுதான்.

அடுத்து கைரேகை. 1871-இல் வட இந்தியாவுக்கென்று வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. நம் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. எத்தனை கச்சிதமான பெயர்! ஒரு சாதியில் பிறந்தாலே பதிவேட்டில் பெயர், அதன் பக்கத்தில் விரல் ரேகை. வெளியூர் போக ராதாரிச் சீட்டு. இரவில் காவல் நிலையத்தில் ஆஜர். குறவர்கள் முதல் பிரமலைக் கள்ளர்கள் வரை பல சமூகங்கள் இதில் சிக்கின. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

கள்ளர் கதையை இங்கே ஏன் சொல்கிறேன் என்று சிலர் கேட்கலாம். அதே வட்டாரத்தில் தலித்துகள் மீது யார் ஆதிக்கம் செலுத்துகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் உடலைப் பதிவேடாக்கும் அரசுக்கு எதிராக இந்த மண்ணில் சிந்திய ரத்தம் அது. அதை ஒரு சாதியின் வீரக்கதையாக மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை.

நம்முடைய முன்னோர் இதில் எங்கே நின்றார்கள்? அவர்கள் பதிவேட்டை மறுக்கவில்லை. அதில் என்ன எழுதப்படுகிறது என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். நான் இருக்கும் பெசன்ட் நகரில் ஆல்காட் பள்ளி இருக்கிறது. 1894-இல் பஞ்சமர் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அந்த ஆல்காட்டோடு 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவியவர் பண்டிதர் அயோத்திதாசர். 1911 கணக்கெடுப்பு வந்தபோது, நம் மக்களை இந்துக்கள் என்று எழுதிவிடக் கூடாது என்று ராயப்பேட்டையிலிருந்து 'தமிழன்' இதழில் விடாமல் எழுதினார். 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் பறையர், பஞ்சமர் என்ற சொற்கள் அரசு ஆவணங்களிலிருந்து விலகி 'ஆதிதிராவிடர்' வந்தது. எண்களால் நன்மையும் நடந்திருக்கிறது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையைக் கணக்கெடுத்து எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலங்களுக்கு வழிவிட்டது. தரவே வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்பவர்களும் நாம்தானே.

நாடு விடுதலை அடையும் முன்பே, 1947-இல், சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டம் ஒழிந்தது. மறு ஆண்டே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்தது. பெயர் மாறியதே தவிர, சந்தேகப் பட்டியல் காவல் நிலைய அலமாரியிலேயே இருந்தது. 'ஜெய் பீம்' படத்தில் இருளராகக் காட்டப்படும் ராசாக்கண்ணு உண்மையில் குறவர். 1993-இல் ஒரு திருட்டு நடந்ததும் போலீஸ் நேராக அவரைத் தேடிப் போனது. சிறைகளில் சாதிப் பாகுபாட்டை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, 'வழக்கமான குற்றவாளி' என்ற சொல் பழைய பழங்குடிகளைக் குறிவைக்கப் பயன்படுவதையும் கண்டித்தது.

இப்போது அந்த அலமாரி கணினிக்குள் போயிருக்கிறது. 2017-லேயே தி.நகரில் போலீசார் 'ஃபேஸ்டேகர்' என்ற செல்போன் செயலியால் சந்தேகப்பட்டவர்களைப் படம் பிடித்து ஒப்பிடத் தொடங்கினார்கள். 2021 அக்டோபரில் முக அடையாள மென்பொருள் மாநிலம் முழுக்க வந்தது. ஒப்பிடுவது எதோடு? காவல் நிலைய ஆவணங்களில் உள்ள படங்களோடு. இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், சிறையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர். பழைய ஓரவஞ்சனை அப்படியே புதிய இயந்திரத்துக்குத் தீனியாகிறது. 2024 மே மாதம் அந்த மென்பொருள் தளத்துக்குள் வெளியாட்கள் புகுந்த செய்தியும் வந்தது.

இயந்திரமும் எல்லா முகத்தையும் ஒன்றுபோல் பார்ப்பதில்லை. 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத்தோல் ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருந்தோல் பெண்களிடம் 34.7 வரை போனது. தர்ஸ்டனின் கவராயம் நினைவுக்கு வருகிறதா?

சட்டம் காப்பாற்றுமா? ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 வரைவிலும், 2019-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவிலும், 'சாதி அல்லது பழங்குடி' என்பது கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தகவலாக எழுதப்பட்டிருந்தது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே இல்லை. யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. பக்கத்து இலங்கை 2022 சட்டத்தில் இனம், உடல் அடையாளம் போன்றவற்றைத் தனி வகையாக வைத்திருக்கிறது. நம் சட்டமோ, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கே தரலாம் என்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கென்று 2025 நவம்பரில் டெல்லி வெளியிட்டவை வெறும் வழிகாட்டுதல்கள். 2024-இல் ஆசியான் நாடுகள் வெளியிட்டதும் அதே ரகம்தான், விரும்பினால் பின்பற்றலாம். சண்டிகரில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டியபோது அவர்களைக் காத்தது எந்த வழிகாட்டுதலும் இல்லை, அவர்களே தெருவில் இறங்கினார்கள்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அதே 2023 சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவையும் திருத்திவிட்டது. முன்பு பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது 'தனிநபர் தகவல்' என்ற ஒரே வரியில் மறுத்துவிடலாம். 1994-இல் காரணையில் உயிர் கொடுத்துக் கேட்ட பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று மனு போட்டால், வரக்கூடிய பதிலை யோசித்துப் பாருங்கள். நம்மைப் பற்றிய தகவல் கேமராவுக்குத் தாராளமாகப் போகும், நம் நிலத்தை வைத்திருப்பவர் பெயர் மட்டும் ரகசியமாகும். 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்பது அது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிட்டே கேளுங்கள். கூடவே இன்னொரு மனு: போலீசின் முக அடையாள மென்பொருளுக்கு 2020 கொள்கை சொன்ன 'டீப்-மேக்ஸ்' மதிப்பெண் எவ்வளவு, போட்டது யார், எந்தத் தேதியில்?