ஏடும் களரியும்

நாடகத்தின் ஏட்டை அச்சேற்றிவிட்டால் நாடகத்தையே காத்துவிட்டோம் என்று நாம் நிறைவு கொள்கிறோம். மன்னாரின் கத்தோலிக்கக் கூத்துகளைப் பொறுத்தவரை அந்த நிறைவு எத்துணை குறையுடையது என்பதை இலண்டனின் பழைய அரங்குகள் நமக்கு உணர்த்துகின்றன.

தச்சுத் தொழில் பயின்று நடிகரான ஜேம்ஸ் பர்பேஜ், 1576இல் இலண்டன் நகர எல்லைக்கு வெளியே 'தியேட்டர்' என்னும் அரங்கை எழுப்பினார். நிலக் குத்தகைத் தகராறு முற்றவே, 1598இன் இறுதியில் அதன் மரங்களைக் கழற்றினர். அவை தேம்ஸ் நதியின் அக்கரையில் மறு ஆண்டு 'குளோப்' அரங்காயின. முற்றத்தினுள் நீண்டு நின்றது மேடை. ஒரு பென்னி கொடுத்த எளியோர் அதனைச் சூழ்ந்து நின்றனர். கூடுதல் காசு கொடுத்தோர் மாடங்களில் அமர்ந்தனர். மேடையின் வடிவிலேயே அச்சமுதாயத்தின் வடிவும் தெரிந்தது.

அக்காலத்தில் மன்னார் போர்த்துக்கேயரின் பிடியில் இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிக் கத்தோலிக்கத்தை ஒடுக்கினர். ஒடுக்குமுறையைத் தாங்கி நின்ற அச்சமயத்தின் கதைகளை, உழவரும் மீனவரும் தமக்குரிய கூத்து மரபில் பாடி ஆடினர். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு, வாசாப்பு என அது கிளைத்தது. அண்ணாவியாரும் மத்தளமும் மறைவில் இல்லை. சபையோரின் கண்முன்னேயே நின்றனர். ஆயினும் இதனைப் பொன்னுலகமாகப் புனைய வேண்டியதில்லை. அங்கே காசு பிரித்த மக்களை இங்கே சாதி பிரித்தது.

பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் 'என்றிக் எம்பரதோர்' 1964இலும், 'மூவிராசாக்கள்' 1966இலும் நூலுருப் பெற்றன. பாட்டு பிழைத்தது. களரி?

ஆங்கில அரங்குகள் 1642இல் மூடப்பட்டன. எனினும், 1997இல் குளோப் மீண்டும் எழ முடிந்தது. 'பார்ச்சூன்' அரங்கின் 1600ஆம் ஆண்டு ஒப்பந்தம் மேடைக்கு 43 அடி என்று அளவு சொன்னது. 1989இல் அகழ்ந்த அத்திவாரங்கள் சான்று பகர்ந்தன. 'சுவான்' அரங்கைக் கண்ட ஒல்லாந்துப் பயணி ஜொஹானஸ் டி விட் வரைந்த படத்தின் நகலும் கைகொடுத்தது. அத்தகைய திறந்த அரங்கொன்றின் உட்புறத்தைக் காட்ட எஞ்சியுள்ள அக்காலப் படம் அஃது ஒன்றே!

ஆட்டத்துக்கென எழுந்து முடிந்ததும் பிரிக்கப்படும் நம் களரிக்கு அகழ்ந்தெடுக்க அத்திவாரம் ஏது? போரும் இடப்பெயர்வும் ஊர்களைச் சிதைத்தபின், அதன் அளவும் அமைப்பும் முதியோரின் நினைவிலன்றி வேறெங்கு உள்ளன? ஆசிரியர்களும் மாணவர்களும் ஓர் அளவுநாடாவுடனும் தாளுடனும் அவர்களிடம் செல்லட்டும். எவர் எங்கே நின்றார், எவர் எங்கே அமர்ந்தார், எவரை அமரவிடவில்லை என்பதையும் சேர்த்தே வரையட்டும். மக்கள் கலையின் வரலாறு அப்போதுதான் முழுமை பெறும்.