தோட்டத்து நிலத்தில் தரவு மையம்: மின்சாரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, நமக்கு என்ன?

கைப்பேசியில் எடுத்த படத்தை 'கிளவுட்'டில் சேமிக்கிறீர்கள். அது மேகத்துக்குப் போகவில்லை. ஏதோ ஓர் ஊரில், ஒரு கட்டடத்துக்குள், ஒரு சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊர் இனி சிலாங்கூரிலேயே இருக்கலாம்.

2024 மே 30-ஆம் தேதி, மலேசியாவில் 200 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்யப்போவதாகக் கூகள் அறிவித்தது. நாட்டில் அதன் முதல் தரவு மையத்துக்குத் தேர்வான இடம், கத்ரி நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள எல்மினா பிஸ்னஸ் பார்க். அதே மாதம் அந்த வளாகத்தில் ஒரு பெரிய தரவு மையம் கட்டிக் குத்தகைக்கு விடும் ஒப்பந்தத்தைச் சைம் டார்பி பிராப்பர்ட்டி அறிவித்தது: 49 ஏக்கர், 20 ஆண்டு. எல்மினா ஒரு காலத்தில் தோட்டம். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால், ஒருவேளை அங்கே பால் மரம் சீவியவர்களைத் தெரிந்திருக்கும்.

தோட்ட நிலம் ஏன்?

காரணம் எளிது. ஒரே உரிமையாளர், ஒரே துண்டாகப் பெரிய நிலம். நூறு பேரிடம் பேரம் பேச வேண்டியதில்லை. கூடவே உயர் அழுத்த மின்கம்பி, ஃபைபர் கேபிள், நல்ல சாலை எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் எல்லாத் தோட்டமும் இதற்குச் சரிவராது. கோல சிலாங்கூர் கடலோரம் தாழ்வான களிமண் நிலம். வடக்கே போனால் கரிமண் சதுப்பு. கனமான கட்டடத்துக்கு ஆழமாகப் பைலிங் போட வேண்டும், வெள்ள ஆபத்தும் உண்டு. உள்பக்கமாக, மேடான நிலம்தான் வசதி.

'மின்சிக்கனம்' என்றால் என்ன?

சர்வர் வாங்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை வெளியேற்றவும் மின்சாரம் வேணும். இதை அளக்கும் எண்ணுக்கு பி.யு.இ. என்று பெயர். மையம் முழுவதும் இழுக்கும் மின்சாரத்தை, சர்வர்கள் மட்டும் இழுக்கும் மின்சாரத்தால் வகுக்க வேண்டும். 1.0 வந்தால் வீணே இல்லை என்று பொருள்.

சர்வர்களுக்கு 100 மெகாவாட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.யு.இ. 1.6 என்றால் மொத்தம் 160 மெகாவாட். 1.1 என்றால் 110 போதும். வித்தியாசம் 50 மெகாவாட்.

குளிர்நாடுகளில் வெளிக்காற்றையே உள்ளே விட்டுக் குளிர்விக்கலாம். நம் ஊரில் ராத்திரிகூட புழுக்கம்தான், அதனால் அந்த வழி இங்கே அவ்வளவாக உதவாது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்காமல் தடுப்பு வைப்பது, அறையைத் தேவைக்கு மேல் குளிராக்காமல் இருப்பது, சிப்புக்கே குழாய் மூலம் திரவம் அனுப்புவது ஆகியவைதான் இங்கே கைகொடுக்கும் வழிகள்.

தண்ணீர்க் கணக்கு

இங்கேதான் ஒரு சிக்கல். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்வித்தால் மின்சாரம் மிச்சம், ஆனால் தண்ணீர் போய்விடும். காற்றால் மட்டும் குளிர்வித்தால் தண்ணீர் மிச்சம், மின்கட்டணம் ஏறும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மெகாவாட் சூட்டை ஆவியாக்கி மட்டுமே வெளியேற்ற, மணிக்குச் சுமார் 1,500 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். 100 மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 36 லட்சம் லிட்டர். ஒருவர் நாளுக்கு 200 லிட்டர் செலவழிப்பதாக வைத்தால், 18,000 பேரின் தண்ணீர் அது.

சிலாங்கூர் ஆறு கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் தருகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் மாசு கலந்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஞாபகம் இருக்கா? அதே ஆறு கடலைத் தொடுவதற்கு முன்தான் கம்போங் குவாந்தானில் மின்மினிகள் வாழும் பெரெம்பாங் மரங்கள் நிற்கின்றன. மேலே தண்ணீர் குறைந்தால் கீழே உப்பு ஏறும்.

அதனால்தான் குடிநீருக்குப் பதிலாகச் சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துவது முக்கியமான தீர்வாகப் பேசப்படுகிறது.

சூரிய சக்தி போதுமா?

தீபகற்பத்தின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்து வருகிறது. 2024 செப்டம்பர் முதல் கிரெஸ் என்ற திட்டத்தின்கீழ், நிறுவனங்கள் பசுமை மின்சாரத்தை உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக வாங்கலாம். நல்லதுதான். ஆனால் சர்வர் 24 மணி நேரமும் ஓடும், சூரியன் ஓடாது. பகல், இரவு, மழை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், சூரியப் பலகையின் சராசரி உற்பத்தி அதன் திறனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அப்படியென்றால் 110 மெகாவாட் ஈடுகட்ட 660 மெகாவாட் பலகை வேண்டும். அதற்கு ஏறக்குறைய 2,000 ஏக்கர். இன்னொரு தோட்டமே போய்விடும்!

வேலை கிடைக்குமா?

கட்டும்போது நிறைய. ஓடத் தொடங்கியதும் குறைவு, ஆனால் திறன் வேலை. மென்பொருள் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற சார்ஜ்மேன், குளிர்சாதனத் தொழில்நுட்பர், ஃபைபர் இணைப்பவர், ஜெனரேட்டர் பராமரிப்பவர் எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. தொழிற்கல்வி படிக்கும் தம்பி, தங்கச்சி வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

ஒரு பழைய பாடம்

தோட்டம் கைமாறும்போது அங்கே வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது நமக்குப் புதுக் கேள்வி இல்லை. மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுக்கும் மேல் காத்திருந்தன. 245 வீடுகள் கட்டும் தீர்வு அண்மை ஆண்டுகளில்தான் வந்தது. அந்த நிலத்துக்கும் தரவு மையத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் பாடம் பொருந்தும்: வாக்குறுதியை நிலம் கைமாறும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், ஆட்சேபம் தெரிவிக்கலாம். உங்கள் ஊரில் அப்படி ஒன்று வந்தால் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

• பி.யு.இ. இலக்கு எவ்வளவு? ஆண்டுதோறும் வெளியிடுவார்களா?
• குளிர்விக்க எந்தத் தண்ணீர்? வறட்சியில் யாருக்கு முதலிடம்?
• மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இரவில் எங்கிருந்து?
• உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி இடம் எத்தனை?
• அந்த நிலத்தில் வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு இருந்தால் அவற்றுக்கு என்ன ஏற்பாடு?

கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. வரைவு பார்வைக்கு இருக்கும் நாள்களுக்குள் போய்க் கேட்டால் போதும்.