பிலாத்து கழுவிய கை

நான்கு சுவிசேஷங்களையும் அருகருகே வைத்து ஒரே சம்பவத்தை வாசித்துப் பாருங்கள். இயேசுவின் விசாரணைக் காட்சியில் ஒருவர் மெல்ல மெல்ல நல்லவராகிக்கொண்டே போவார். அவர்தான் பொந்தியு பிலாத்து.

முதலில் எழுதப்பட்டது மாற்கு, ஏறக்குறைய கி.பி. 70ஐ ஒட்டி என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதில் பிலாத்து கொஞ்சம் தயங்குகிறார், பிறகு கூட்டத்தைத் திருப்திப்படுத்தத் தண்டனை கொடுத்துவிடுகிறார். அவ்வளவுதான். அடுத்து வந்த மத்தேயுவில் அவர் மனைவி கனவு கண்டு எச்சரிக்கிறாள். அவர் எல்லார் முன்னாலும் கை கழுவுகிறார். கூடியிருந்த ஜனங்களோ ரத்தப்பழியைத் தங்கள் மேலும் தங்கள் பிள்ளைகள் மேலும் ஏற்றுக்கொள்கிறார்கள். லூக்காவில் அவர் மூன்று தடவை குற்றமில்லை என்கிறார். யோவானிலும் மூன்று தடவை. பைபிளில் சேராத பேதுரு சுவிசேஷத்தில் கொல்ல உத்தரவிடுவதே ஏரோதுதான். எத்தியோப்பியத் திருச்சபையில் பிலாத்து ஒரு புனிதர்!

சரி, வெளியே இருந்து பார்த்தால் இந்த ஆள் எப்படி? இவர் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவர். 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டில் பெயரும் பதவியும் இருக்கின்றன. அலெக்சாந்திரியாவின் ஃபிலோ எழுதியதில் அவர் பிடிவாதக்காரர், விசாரணை இல்லாமலே ஆட்களைக் கொன்றவர். கால்வாய் கட்டக் கோயில் பணத்தை எடுத்தார், எதிர்த்த ஜனங்களைத் தடியால் அடிக்கவைத்தார் என்கிறார் ஜோசபஸ். கடைசியில் கெரிசீம் மலையில் கூடிய சமாரியர்களை வெட்டியதால் புகார் போய், ரோமுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஃபிலோவுக்கும் ஜோசபஸுக்கும் சொந்தக் காரணங்கள் இருந்தன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லூக்காவே 13ஆம் அதிகாரத்தில், பலி கொடுக்க வந்த கலிலேயர்களைப் பிலாத்து கொன்ற செய்தியைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறாரே!

அப்புறம் ஏன் இந்த மாற்றம்? எழுதப்பட்ட காலத்தைப் பாருங்கள். 66இல் யூதர்கள் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். 70இல் எருசலேம் கோயில் எரிந்தது. அதற்குப் பிறகு ரோமப் பேரரசுக்குள் வாழும் ஒரு சிறு கூட்டம், எங்கள் குரு ரோம ஆளுநரால் சிலுவையில் அறையப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். சிலுவை ரோமத் தண்டனை. தலைக்கு மேல் எழுதிவைத்த குற்றமோ 'யூதரின் ராஜா', அதாவது ராஜதுரோகம். கலகக்காரர் என்ற சந்தேகத்தைப் போக்க, ஆளுநரே அவரைக் குற்றமற்றவர் என்று சொன்னதாக எழுதுவதைவிட நல்ல வழி ஏது? இன்னொரு பக்கம் யூதர்களுக்குள்ளேயே சண்டை. மத்தேயு யூத மரபுக்குள் நின்று, தன் மக்களோடு வாக்குவாதம் செய்கிறவர். 'பிள்ளைகள் மேல்' என்றபோது அவர் மனதில் இருந்தது 70இன் அழிவுதான் என்பது பல ஆய்வாளர்களின் வாசிப்பு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

பிரச்சினை பின்னால் வந்தது. 4ஆம் நூற்றாண்டில் ரோமே கிறிஸ்தவமாகிவிட்டது. பயத்தில் இருந்த சிறு கூட்டத்தின் வார்த்தை இப்போது அதிகாரத்தின் கையில். ஒரு குடும்பச் சண்டையில் விழுந்த சொல், ஓர் இனத்தின் மீதே நிரந்தரக் குற்றச்சாட்டாக மாறியது. ஐரோப்பாவில் எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் யூதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பழியை எல்லா யூதர்மேலும் போடக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது 1965இல்தான்.

வரலாற்றுப் பின்னணியில் வாசித்தால் விசுவாசம் கரைந்துபோகும்னு பயப்படுறவங்க உண்டு. பின்னணி இல்லாமல் வாசித்ததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்கணும். விசுவாசப் பிரமாணத்தை எடுத்துப் பாருங்கள்: இயேசுவையும் மரியாளையும் தவிர அதில் பெயர் சொல்லப்படும் ஒரே மனிதர் பிலாத்து. யூதர்கள் என்ற சொல்லே அதில் கிடையாது.