பாதத்தைத் தொடும் உரிமை

மனித உடலின் உறுப்புகளுள் மிகுதியாக உழைப்பதும், குறைவாகக் கவனிக்கப்படுவதும் பாதமே எனலாம். நிலக்கோட்டை வட்டத்துச் சேவுகம்பட்டியைச் சூழ்ந்த வயல்களிலும் தோட்டங்களிலும் உழைப்போரின் கால்களை ஒருமுறை உற்று நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். சேற்றுப்புண், பித்தவெடிப்பு, காலாணி, நகச்சுற்று என்று கால்நோய்களுக்கு நம் மக்கள் வைத்துள்ள பெயர்கள் பல. ஆனால் அவற்றைத் தீர்ப்பதற்கென்றே பயின்றவர் யார், அவருக்கு அத்தகுதியை வழங்கியவர் யார் என்று கேட்டால், எளிதில் விடை கிடைப்பதில்லை. பல்லுக்கென்று ஒரு மருத்துவர் உண்டு. கண்ணுக்கென்று ஒருவர் உண்டு. பாதத்திற்கென்று ஒருவரை நம் ஊர்களில் காண்பது அரிது. மேலைநாடுகளிலோ பாதமருத்துவம் அரசின் உரிமம் பெற்றே செய்யத்தக்க தனித்தொழிலாக நெடுங்காலமாய் விளங்கி வருகிறது. அவ்வுரிமத்தின் வரலாற்றையும், அது நம் நாட்டிற்கு வந்து சேர்ந்த வழியையும் எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

கால்நோயின் வரலாற்றில் நம் பகுதிக்குத் துயரமான ஓரிடம் உண்டு. 1842-ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் மருத்துவர், பாதம் வீங்கி, ஆங்காங்கே துளைவிட்டு, சீழ் வடியும் நோய் ஒன்றைப் பதிவு செய்தார். 1846-இல் கோல்புரூக் என்பவர் அதனை ‘மதுரைக் கால்’ என்று குறிப்பிட்டார். மண்ணில் வாழும் பூஞ்சையே அதற்குக் காரணம் என்பதை 1860-இல் வாண்டைக் கார்ட்டர் எடுத்துரைத்தார். வெறுங்காலில் முள் தைக்க, அச்சிறு காயத்தின் வழியே கிருமி உட்புக, ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பும் அரிக்கப்படும். திண்டுக்கல் அந்நாளில் மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 1985-இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. எனவே ‘மதுரைக் கால்’ என்பது நம் முன்னோரின் காலும் ஆகும். நம் மண்ணின் பெயர் உலக மருத்துவ நூல்களில் ஏறிற்று. அந்நோய்க்கு ஆளான ஏழை உழவரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அக்காலத்தில் காலில் முள் தைத்தவரும், காலாணியால் வருந்தியவரும் யாரிடம் சென்றனர்? பெரும்பாலும், முடி திருத்துவதோடு புண்ணுக்குக் கட்டுப் போடுதலையும் கட்டி கீறுதலையும் செய்துவந்த குடும்பத்தாரிடமே சென்றனர். அச்சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயரே வழங்கிற்று; அவர்தம் மகளிர் மகப்பேறு பார்த்தனர். அவர்களுடைய கைத்திறன் தலைமுறை தலைமுறையாக வந்தது. அதற்குச் சான்றிதழ் இல்லை. ஊராரின் நம்பிக்கையே சான்று.

இந்நிலையை மாற்றத் தொடங்கியது 1914-ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம். இங்கிலாந்தில் 1858-இல் இயற்றப்பட்ட மருத்துவச் சட்டத்தின் வழியில் வந்தது இது. பதிவேடு ஒன்று உருவாயிற்று. அதனைக் காக்க ஒரு மன்றம் அமைந்தது. பதிவேட்டில் பெயருள்ளவர் தரும் சான்றிதழே சட்டத்தின் முன் செல்லத்தக்கதாயிற்று. போலி மருத்துவரிடமிருந்து மக்களைக் காப்பதே இதன் நோக்கம். ஆயின், மேலை மருத்துவம் பயின்றோரை உள்ளேயும், நாட்டு வைத்தியரையும் ஊர் மருத்துவரையும் வெளியேயும் நிறுத்திய கோடாகவும் அது அமைந்தது. காலப்போக்கில் பிற தொழில்களும் பதிவேடு பெற்றன. செவிலியர்க்கும் மகப்பேற்று உதவியாளர்க்கும் சென்னை மாகாணத்தில் 1926-இல் சட்டம் வந்தது. பல் மருத்துவர்க்கும் மருந்தாளுநர்க்கும் 1948-இல் நாடு முழுமைக்குமான சட்டங்கள் வந்தன. பாதத்திற்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு வரலாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. அங்கும் காலாணி அறுப்போர் தொடக்கத்தில் மதிப்பற்றவராகவே கருதப்பட்டனர். 1895-இல் அவர்கள் நியூயார்க்கில் சங்கம் அமைத்தனர். 1911-இல் அந்நகரில் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. அதனை வழிநடத்திய மாரிஸ் லூயி, நியூயார்க் மாநில மருத்துவத் தேர்வுக் குழுவின் செயலராகப் பணியாற்றியவர். பிறருடைய தகுதியைச் சோதித்துப் பழகிய அவரே, இத்தொழிலுக்கும் சோதனை வேண்டும் என்று கண்டார். இன்று அங்கே பாதமருத்துவராக விரும்புபவர் பட்டப்படிப்பிற்குப்பின் நான்காண்டுகள் பாதமருத்துவக் கல்லூரியில் பயின்று, பல கட்டங்களாக நடைபெறும் தேசியத் தேர்வில் தேறி, மருத்துவமனையில் மூன்றாண்டுப் பயிற்சி பெறுகிறார். அதன்பின் தாம் பணியாற்றவிருக்கும் மாநிலத்தின் வாரியத்திடம் விண்ணப்பிக்கிறார். ஒரு மாநிலத்தின் உரிமம் மற்றொரு மாநிலத்தில் தானாகச் செல்லுபடியாவதில்லை. உரிமம் கிடைத்துவிட்டால் போதும் என்றும் இல்லை. குறித்த கால இடைவெளியில் கட்டணம் செலுத்தி, தொடர்ந்து கற்றமைக்குச் சான்று காட்டி, அதனைப் புதுப்பித்தாக வேண்டும்.

அந்நாட்டுப் பாதமருத்துவர் இன்று கற்கும் பாடங்களுள் சில தமிழ்நாட்டுக் கால்களிலிருந்து கற்றவை என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும். சென்னைச் சட்டம் பிறந்த அதே 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்திற்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிய கைகளையும் புண்பட்ட பாதங்களையும் கண்டார். தொழுநோயே சதையை அழுகச் செய்கிறது என்பதே அந்நாளில் பரவலாக நிலவிய கருத்து. பிராண்டும் அவர்தம் உடன்பணியாளரும் பொறுமையாக ஆராய்ந்து, அக்கருத்து தவறு என்று காட்டினர். நரம்பு செயலிழந்ததால் பாதம் வலியை உணர்வதில்லை. வலி உணராதவர் முள்ளின்மீதும் நடப்பார், புண்ணின்மீதும் நடப்பார். அழிப்பது நோயன்று, உணரப்படாத காயமே. அப்படியாயின் காயத்தைத் தடுக்கலாம், பாதத்தையும் காக்கலாம்.

இதற்கு முன்பே, 1930-களில், கொழும்பில் மில்ராய் பால் என்னும் அறுவை மருத்துவரும் இந்தியாவில் ஜோசப் கான் என்பவரும் இத்தகைய புண்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு, நோயாளியை நடக்கவிட்டே ஆற்றும் முறையைக் கையாண்டிருந்தனர். உடலின் எடை புண்ணின்மேல் மட்டும் விழாமல் பாதம் முழுவதும், கணுக்காலுக்கு மேலும் பரவிவிடுவதால் புண் ஆறுகிறது. வேலூரிலும், 1955-இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்திலும் இம்முறை வளர்ந்தது. மெத்தென்ற நுண்துளை ரப்பரால் உள்ளடி அமைத்த செருப்புகள் செய்யப்பட்டன. மருத்துவரோடு செருப்புத் தைப்போரும் இப்பணியில் பங்கேற்றனர். புண் ஆறிய பாதத்தை மீண்டும் புண்ணாகாமல் காத்தது அவர்களுடைய ஊசியும் கத்தியுமே. 1966-இல் பிராண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயில் கற்ற பாடம் நீரிழிவு நோயாளியின் உணர்விழந்த பாதத்திற்கும் பொருந்தும் என்பதை அங்கே அவர் பரப்பினார். நம் ஏழைகளின் புண்ணிலிருந்து கற்ற அறிவு, கடல் கடந்து, உரிமம் பெற்ற ஒரு தொழிலின் பாடமாயிற்று. அவ்வறிவு வளர்ந்த நாட்டிலோ அத்தொழிலுக்குச் சட்டத்தில் பெயர்கூட இல்லாதிருந்தது.

இன்று அந்த இல்லாமையின் விலை மிகப் பெரிது. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து, 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்நோய் நகரத்தோடு நின்றுவிடவில்லை, சிற்றூர்களையும் எட்டியுள்ளது. உணர்விழந்த பாதத்தோடு வரப்பில் நடக்கும் உழவர், தம் காலில் முள் இருப்பதை மாலையில் கால் கழுவும்போதுதான் காண்கிறார்; சில வேளைகளில் அப்போதும் காண்பதில்லை. காலாணி என்று எண்ணிச் சவரக்கத்தியால் தாமே அறுத்துக்கொள்பவரும் உண்டு. தகுந்த கை உரிய நேரத்தில் தொட்டிருந்தால் காக்கப்பட்டிருக்கும் கால், காலம் கடந்தபின் முழங்காலுக்குக் கீழே வெட்டப்படுகிறது. ஒரு கால் போனால், கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்தில் வருவாயும் போயிற்று.

இத்தகைய சூழலில்தான் 2021-ஆம் ஆண்டில் துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இயன்முறை மருத்துவர், ஆய்வகத் தொழில்நுட்பர், கதிர்ப்படத் தொழில்நுட்பர் எனப் பலரையும் உள்ளடக்கிய அதன் பட்டியலில் பாதமருத்துவரின் பெயரும் இடம்பெற்றுள்ளது. உடல்நலத் தொழிலர் எனப்படுவோர் 3,600 மணி நேரத்திற்குக் குறையாத பட்டக்கல்வி பெற்றிருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. மாநிலந்தோறும் மன்றமும் பதிவேடும் வேண்டும் என்கிறது. பல மாநிலங்கள் காலந்தாழ்த்தவே, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சட்டத்தை விரைந்து செயற்படுத்துமாறு ஆணையிட்டது. பல்லுக்கு 1948-இல் கிடைத்த சட்டத் தகுதி, பாதத்திற்குக் கிடைக்க மேலும் 73 ஆண்டுகள் ஆயின.

உரிமம் என்பது யாது? ஒரு தாள் என்றே பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது பொறுப்பேற்பு ஆகும். ‘இவர் கையில் உன் காலை நம்பி ஒப்படைக்கலாம், இவர் தவறினால் கேட்க யாம் உள்ளோம்’ என்று எழுத்தறியாத நோயாளிக்குச் சமூகம் தரும் வாக்குறுதி அது. கற்றவரும் செல்வரும் நல்ல மருத்துவரைத் தாமே தேடிக் கண்டுகொள்வர். தேடத் தெரியாதவருக்கே பதிவேடு தேவை.

உரிமத்தைப் பெறுவதினும் அதனைக் காத்துக்கொள்வது அரிது. 1940-இல் தேர்ச்சி பெற்று, அதன்பின் ஒன்றும் கற்காத ஒருவரை எண்ணிப் பாருங்கள். தொழுநோயாளியின் பாதம் அழுகியே தீரும் என்று அவர் 1970-இலும் சொல்லிக் கொண்டிருப்பார். காக்கக்கூடிய காலையும் கைவிட்டிருப்பார். அவரிடம் சான்றிதழ் இருந்தது, அறிவு காலாவதியாகிவிட்டது. இதனாலேயே, மருத்துவர் ஐந்தாண்டுகளில் 30 மணி நேரமேனும் தொடர்கல்வி பெறவேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2002-இல் வகுத்த ஒழுக்க விதிகள் கூறின. பாதமருத்துவத்திற்கும் இத்தகைய நெறி வேண்டும். புதுப்பித்தல் கட்டணத்தோடு முடியும் சடங்காகிவிட்டால், பதிவேடு வெறும் பெயர்ப் பட்டியலாகவே எஞ்சும்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. வாயில் அமைக்கும்போது, ஏற்கெனவே உள்ளே உழைத்துக் கொண்டிருப்போரை வெளியே தள்ளிவிடலாகாது. பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பாதமருத்துவர்க்குப் பதிவேடு தந்தபோதும், பதிவு பெறாத பலர் தொழில் செய்தே வந்தனர். பின்னர் அத்தொழிற்பெயரையே சட்டம் காக்கத் தொடங்கியபோது, 2003 முதல் 2005 வரை இரண்டாண்டுகள் அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. தம் அனுபவத்தையும் திறனையும் மெய்ப்பித்தவர் பதிவேட்டில் சேர்ந்தனர். 1914-இல் நம் ஊர் மருத்துவருக்கு அத்தகைய வாயில் எதுவும் திறக்கப்படவில்லை. அவர்தம் கைத்திறனைச் சோதித்துத் திருத்துவாரும் இல்லை; ஏற்பாரும் இல்லை. அது மெல்ல மறைந்தது. இன்று தொழுநோய் மருத்துவமனைகளிலும் நீரிழிவு மருத்துவமனைகளிலும் ஆண்டுக்கணக்கில் புண் கழுவிக் கட்டுப் போட்டுவரும் பணியாளர்களும், நோயாளியின் பாதத்தை அளந்து செருப்புச் செய்யும் தொழிலாளர்களும் உள்ளனர். அவர்களுள் பலரிடம் பட்டம் இல்லை. ஆனால் எந்தப் பாதம் எங்கே புண்ணாகும் என்பதை அவர்தம் விரல்கள் அறியும். பட்டக்கல்வியின் மணிக்கணக்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், அறிந்தவர் வெளியே நிற்பர். ஊர்ப்புறத்துப் பாதம் பழையபடி கவனிப்பாரின்றிக் கிடக்கும்.

ஆகவே மாநில மன்றங்கள் இரண்டையும் செய்தல் வேண்டும். புதிதாய் வருவோருக்குக் கண்டிப்பான கல்வியும் தேர்வும் வைத்தல் ஒன்று. முன்பே உழைப்போரைச் சோதித்து, குறைந்ததைக் கற்பித்து, அவரவர் தகுதிக்கேற்ற இடத்தில் பதிவு செய்தல் மற்றொன்று. அங்ஙனம் பதிவு பெற்றவர் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடாமல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை போன்ற ஊர்களின் மருத்துவமனைகளிலும் வாரத்தில் ஒருநாளேனும் அமர்ந்தால், சேவுகம்பட்டியில் வெறுங்காலோடு வரப்பில் நடப்பவர் பேருந்து ஏறி ஒரே காலைப்பொழுதில் அவரிடம் தம் பாதத்தைக் காட்டித் திரும்பலாம். அச்சட்டம் பயன் தந்ததா என்பதை அன்று அவருடைய காலே சொல்லும்.